தாபரிப்புக் கட்டளை கிடைத்த பின்னர் பணத்தை அறவிடுவது யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

பிள்ளைகளின் செலவுக்காக நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு வழக்குத் தொடுத்து, கட்டளையையும் பெற்றுக்கொண்டு, அதன் பிறகும் மாதாமாதம் அந்தப் பணத்துக்காக அலைந்துகொண்டிருக்கும் தாய்மார் திருகோணமலை மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கிழக்கு மாகாண நீதிமன்றங்களில் இலிகிதராக நீண்ட காலம் கடமையாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இவர்களுடைய நிலை பற்றியும், பணத்தை அறவிடும் வேலையை அரச அலுவலகம் ஒன்று தன் கையில் எடுக்க வேண்டியது பற்றியும் உங்கள் பத்திரிகை வாயிலாகச் சில விடயங்களைக் கூற விரும்புகிறேன்.

சட்டத்தைப் பற்றி நம்மிடையே தவறான எண்ணங்கள் பல உலவுவதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். 1889ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருந்த பழைய தாபரிப்புக் கட்டளைச் சட்டம் நீக்கப்பட்டு, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. போதிய வசதி இருந்தும் தன் பிள்ளையைப் பராமரிக்காது விடுகின்ற, அல்லது பராமரிக்க மறுக்கின்ற பெற்றோருக்கு எதிராக மாதாந்தக் கொடுப்பனவு ஒன்றை நீதவான் கட்டளையிடலாம். தந்தைக்கு எதிராக மட்டும் என்றில்லை. பிள்ளைகளைத் தகப்பனிடம் விட்டுவிட்டு வெளிநாடு சென்று பின்னர் தொடர்பை அறுத்துக்கொண்ட தாய்க்கு எதிராகவும் இதே சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும், 18க்கும் 25க்கும் இடைப்பட்ட வயதில் படித்துக்கொண்டோ வேறு காரணத்தாலோ தன்னைத் தானே பராமரிக்க இயலாதிருக்கும் பிள்ளைக்கும் கேட்கலாம். வலுவிழந்த பிள்ளைக்கு வயதெல்லை கிடையாது.

விவாகரத்து எடுத்தால்தான் தாபரிப்புக் கேட்கலாம் என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்துவிடுகிற பெண்கள் பலர். அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. திருமணம் பதிவு செய்யப்படவில்லை என்பதும் பிள்ளைக்குத் தடையாகாது. ஆனால் அந்த நிலையில் இவர்தான் தந்தை என்பதை நீதவான் திருப்தியடையும் வகையில் உறுதியான சான்றுகொண்டு நிரூபிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் இருக்கிறதா என்பது அப்போது பெரிய விடயமாகிவிடுகிறது. தந்தையின் பெயர் எழுதப்பட வேண்டிய கூட்டில் சிறு கோடு மட்டும் போடப்பட்ட சான்றிதழோடு வருகிற பிள்ளையின் தாய்க்கு வழக்கு நெடுக இழுபடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். “அவளின்ர நடத்தை சரியில்லை, அதால ஒரு சதமும் குடுக்கமாட்டன்” என்று நீதிமன்ற விறாந்தையில் நின்று சத்தம் போடும் ஆண்களை நான் கண்டிருக்கிறேன். மனைவி தனக்காகக் கேட்கும் தாபரிப்பைப் பொறுத்தவரையில் திருமணத்துக்குப் புறம்பான உறவில் வாழ்வது ஒரு தடையாகச் சட்டத்தில் கூறப்பட்டிருப்பது உண்மை. பிள்ளையின் தாபரிப்புக்கு அந்தத் தடை எவ்விதத்திலும் பொருந்தாது. தாயின் மீது என்ன கோபம் இருந்தாலும் பிள்ளையின் பால்மாவுக்கும் சப்பாத்துக்கும் அதைக் காரணமாகக் காட்ட முடியாது. பிள்ளையைப் பார்க்க விடுவதில்லை என்ற முறைப்பாடும் இத்தகையதே. அதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் வேறு பரிகாரம் இருக்கிறது; அந்தக் காரணத்துக்காகப் பணத்தை நிறுத்திவைக்க ஒருவருக்கும் உரிமை கிடையாது.

பொலிஸ் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும் கடிதங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. கணவன் மனைவி பிரச்சினை பொலிஸுக்குப் போகும்போது, சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்தில் இருவரையும் இருத்திப் பேசி, மாதம் இவ்வளவு தருவேன் என்று தகப்பனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது வழமை. நல்லெண்ணத்தோடு செய்யப்படுகிற காரியம்தான். ஆனால் இரண்டு மாதம் கழித்து அவர் பணம் தராமல் விட்டால் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய இயலாது. நீதவானின் கட்டளை மட்டுமே அறவிடத்தக்கது. இணக்க சபையில் பேசி முடித்துக்கொண்டோம் என்று நம்பியிருந்தவர்களும் பின்னர் நீதிமன்றத்துக்கே வந்து சேர்ந்தார்கள். இழந்த மாதங்கள் இழந்தவைதான்.

விண்ணப்பிப்பதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. தாய் வசிக்கும் இடத்துக்குரிய நீதவான் நீதிமன்றத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆகவே தகப்பன் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார் என்பதற்காக அவரைத் தேடிக்கொண்டு அந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ் இருந்தால் அது, தேசிய அடையாள அட்டை, தகப்பனின் சரியான விலாசம், அவர் எங்கே என்ன தொழில் செய்கிறார், ஏறத்தாழ என்ன உழைக்கிறார் என்ற விபரம் ஆகியவற்றைக் கொண்டு போக வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள், 1978ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். விலாசம் சரியாக இருந்தால் அழைப்பாணை போய்ச் சேரும். பிழையாக இருந்தால் ‘இவ்விலாசத்தில் இல்லை’ என்ற குறிப்போடு திரும்பி வரும், அடுத்த தவணை குறிக்கப்படும். தகப்பன் தோன்றித் தன் வருமானத்தை ஒப்புக்கொண்டு ஒரு தொகைக்கு இணங்கினால் கட்டளை அன்றைக்கே கிடைத்துவிடலாம். இணங்காவிட்டால் விசாரணை நடக்கும்.

இவ்வளவும் நல்லபடியாக நடந்து கட்டளை கையில் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். என் முறைப்பாடு இதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

கட்டளையிடப்பட்ட தொகை சிலருடைய வழக்குகளில் நீதிமன்றத்தின் ஊடாகவும், சிலருடைய வழக்குகளில் தாயின் வங்கிக் கணக்கின் ஊடாகவும் கொடுக்கப்படுகிறது. முதல் சில மாதங்கள் பெரும்பாலும் ஒழுங்காக வரும். பிறகு பிந்தும், பிறகு பாதி வரும், பிறகு நின்றுவிடும். நின்றுவிட்டதை யார் கவனிப்பது? கட்டளையிட்ட நீதிமன்றம் தானாக அதைக் கவனிப்பதில்லை. கவனிப்பதற்கு அங்கே ஆளும் இல்லை, அது அதன் வேலையும் இல்லை. தாய்தான் கணக்கு வைத்து, நிலுவையைக் கூட்டி, மறுபடியும் நீதிமன்றத்துக்கு வந்து, எதிர்மனுதாரர் கட்டளையை மீறிவிட்டார் என்று மனுச் செய்ய வேண்டும்.

அந்தக் கணக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத் தாள்களில், கோடு போட்டு, தமிழ் மாதம் எழுதி, எதிரே தொகை எழுதப்பட்டிருக்கும். சித்திரை, முழுக் காசு. வைகாசி, பாதி. ஆனி, மூவாயிரம், அதன் கீழே சிறிய எழுத்தில் ‘மிச்சம் அடுத்த கிழமை எண்டவர்’ என்று ஒரு குறிப்பு. ஆடியிலிருந்து வெறும் கோடுகள். “ஐயா, இந்த மாசமும் போடேல்லை, எல்லாம் எழுதி வந்திருக்கிறன்” என்று கொப்பியை நீட்டுவார்கள். “இருங்கோ பிள்ளை, வழக்குக் கூப்பிடேக்க சொல்லுங்கோ” என்பதற்கு மேல் ஓர் இலிகிதரால் என்ன சொல்ல முடியும்? எதிர்த்தரப்பில் ‘நான் கையில் கொடுத்தேன், அவ எழுதவில்லை’ என்று ஒரு வசனம் சொன்னால் போதும், அந்தக் கொப்பியின் பெறுமதி கேள்விக்குரியதாகிவிடும்.

நிலுவை உறுதியானால் அதைத் தண்டப்பணம் போல அறவிடப் பிடியாணை அனுப்பலாம். அறவிட்ட பின்னும் செலுத்தப்படாத ஒவ்வொரு மாதக் கொடுப்பனவுக்கும் ஒரு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு. கேட்பதற்குக் கடுமையான சட்டம் போலத் தோன்றும். நடைமுறையில் நடப்பது வேறு. பிடியாணை பொலிஸ் நிலையத்துக்குப் போகும். ஆள் அந்த விலாசத்தில் இருக்கமாட்டார். இருந்து பிடிபட்டால், சிறைக்குப் போகும் நேரத்தில் தாயோ சகோதரமோ ஓடிவந்து ஒரு பகுதியைக் கட்டுவார்கள், மீதிக்குத் தவணை கேட்பார்கள், தவணை கொடுக்கப்படும். அடுத்த மாதத்திலிருந்து மறுபடியும் ஆனி, ஆடி. சிறைக்கே போய்விட்டாலும் உள்ளே இருக்கிற மாதத்தில் அவர் உழைக்கப் போவதில்லை. பிள்ளைக்கு அதனால் ஒரு கிலோ அரிசியும் வரப் போவதில்லை. பகை மட்டும் மிஞ்சும். ‘என்னை மறியலுக்கு அனுப்பினவள்’ என்ற பேச்சோடு அது உறவினர் வரை பரவும்.

சட்டத்தில் இருக்கும் மிகப் பயனுள்ள வழி, தகப்பனின் சம்பளத்திலிருந்து தொழில்தருநரே கழித்து அனுப்ப வேண்டுமென்று கட்டளையிடுவது. அரச உத்தியோகத்தர், துறைமுக ஊழியர், முப்படையினர், சீனன்குடாப் பக்கத்துப் பெரிய ஆலைகளில் நிரந்தர வேலை பார்ப்பவர் போன்றோரின் பிள்ளைகள் இவ்விதத்தில் அதிர்ஷ்டசாலிகள். ஆனால் நம் மாவட்டத்தின் தொழில் அமைப்பைப் பாருங்கள். வள்ளத்தில் போகிறவர், கரைவலை இழுக்கிறவர், மேசன், தச்சன், முச்சக்கரவண்டிச் சாரதி, வயலில் நாட்கூலிக்குப் போகிறவர், நிலாவெளியில் வெளிநாட்டுப் பயணிகள் வரும் மாதங்களில் மட்டும் ஹோட்டலில் வேலை செய்கிறவர். இவர்களுக்குச் சம்பளச் சிட்டை ஏது? கடற்கரைத் தொழிலில் ஒரு நாள் உழைப்பு இன்னொரு நாளைப் போல இருப்பதில்லை; வாடைக் காற்றுக் காலத்தில் வள்ளம் கரையேறிக் கிடக்கும். ‘எனக்கு வருமானமே இல்லை’ என்று நீதிமன்றத்தில் சொல்கிறவரின் கூற்றை மறுக்க, வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடமோ மீன் வாடிக்காரரிடமோ போய்க் கணக்குக் கேட்டு வரும் வல்லமை எந்தத் தாய்க்கு இருக்கிறது? நிரந்தர வேலையில் இருந்தவரும் ஒரு தனியார் நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறினால் சம்பளக் கழிப்பு அத்தோடு நின்றுவிடும். புதிய வேலை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டியவரும் தாய்தான். அவர் புதிய இடத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும். அதாவது அரசின் பதிவேட்டில் அவருடைய தொழில்தருநரின் பெயர் இருக்கும். அரசுக்குத் தெரிந்த ஒன்றை ஒரு பெண் ஊர் ஊராக விசாரித்துத் திரிய வேண்டியிருக்கிறது.

வெருகல், ஈச்சிலம்பற்று, தென்னைமரவாடி போன்ற இடங்களிலிருந்து வருகிறவர்களுக்குப் போக்குவரத்து ஒரு தனித் தண்டனை. கிண்ணியாப் பாலமும் அதற்கப்பால் மூதூர் வரையிலான பாலங்களும் வந்த பின்னர் பயணம் எவ்வளவோ இலகுவாகிவிட்டது என்பதை மறுக்கவில்லை. பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறக் காத்துக்கிடந்த காலம் எனக்கும் நினைவிருக்கிறது. ஆனாலும் காலை பஸ்ஸைப் பிடித்து, கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அன்றைய கூலியையும் இழந்து வருகிற தாய்க்கு, எதிர்மனுதாரர் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வழக்கு ஒத்திவைக்கப்படும்போது, மாதத் தாபரிப்பில் கணிசமான பங்கு பஸ் காசுக்கே போய்விடுகிறது. உதாரணத்துக்கு மாதம் பத்தாயிரம் ரூபா கட்டளையாக இருந்தால், அதைப் பெறுவதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று அவரே கணக்குப் பார்த்து, ஒரு கட்டத்தில் வருவதை நிறுத்திவிடுகிறார். பதிவேட்டில் அந்த வழக்கு முறைப்பாடு ஏதுமின்றி அமைதியாக இருக்கும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இன்னொரு பாதிப்பையும் ஏற்படுத்திச் சென்றது. அதற்கு முன்னர் இடப்பட்ட கட்டளைகளின் தொகைகள் அப்படியே நிற்க, பால்மாவும் கொப்பியும் பஸ் கட்டணமும் எங்கோ போய்விட்டன. தொகையைக் கூட்டித் தரும்படி நீதவானிடம் விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் இருக்கிற தொகையையே வாங்க முடியாதவர் கூட்டிக் கேட்க எங்கே வரப் போகிறார்?

முஸ்லிம் சகோதரிகளைப் பொறுத்தவரையில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றமே தாபரிப்பை விசாரிக்கிறது. ஆனால் காதியார் விதித்த தொகை வராதபோது அதை அறவிட நீதவான் நீதிமன்றத்துக்கே வர வேண்டியிருப்பதால், மூதூரிலும் கிண்ணியாவிலும் உள்ள தாய்மார் இரண்டு படிக்கட்டு ஏற வேண்டியவர்களாகிறார்கள்.

பிற நாடுகள் இந்த வேலையை எப்படிச் செய்கின்றன என்பதை அறிய நாம் வெகுதூரம் போகத் தேவையில்லை; திருகோணமலையில் வெளிநாட்டில் உறவினர் இல்லாத வீடு குறைவு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நீதிமன்றம் இடும் தாபரிப்புக் கட்டளைகள் குடும்பப் பொறுப்பு அலுவலகம் என்ற மாகாண அரச அலுவலகத்தில் பதிவாகின்றன. பணம் அந்த அலுவலகத்துக்கே கட்டப்பட்டு, அங்கிருந்து தாய்க்குப் போகிறது. கட்டத் தவறினால் சம்பளத்தில் கழிப்பது, சாரதி அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்துவது வரையான நடவடிக்கைகளை அலுவலகமே எடுக்கும். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டிலிருந்து மத்திய அரசின் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாநிலமும் இதற்கென ஓர் அலுவலகத்தை நடத்துகிறது. தாய் அங்கே ஒரு விண்ணப்பம் கொடுத்தால், தகப்பனைத் தேடிப்பிடிப்பது, தந்தையென்று நிறுவுவது, கட்டளை பெறுவது, அறவிடுவது ஆகிய நான்கும் அந்த அலுவலகத்தின் கடமை. நிலுவை 2,500 டொலரைத் தாண்டினால் கடவுச்சீட்டு மறுக்கப்படும். அவுஸ்திரேலியா 1988ஆம் ஆண்டில் இதனை ஆரம்பித்தபோது வரித் திணைக்களத்தின் கீழேயே வைத்தது. யாருடைய வருமானம் எவ்வளவு என்பது அந்தத் திணைக்களத்துக்குத் தெரியும் என்பதே காரணம். நிலுவை வைத்திருப்பவர் நாட்டைவிட்டு வெளியேறுவதைத் தடுக்கவும் அங்கே அதிகாரமுண்டு.

எனக்கு மிகப் பிடித்தது நோர்வேயின் முறை. தகப்பன் கட்டாவிட்டால் பிள்ளைக்கு அரசு முற்பணமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, பிறகு தகப்பனிடம் தானே அறவிட்டுக்கொள்கிறது. அரசுக்கும் தகப்பனுக்கும் இடையிலான கடனாக அது மாறிவிடுவதால் தாய் அந்த இழுபறியிலிருந்து விலகிவிடுகிறார். தாபரிப்புத் தொகையும் விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் சரிசெய்யப்படுகிறது.

எல்லா நாடுகளிலும் இது வெற்றி என்று சொல்ல வரவில்லை. பிரித்தானியா 1993ஆம் ஆண்டில் இதற்கென ஒரு முகவரகத்தை அமைத்து, சிக்கலான கணக்கு முறையாலும் சரியாக இயங்காத கணினித் திட்டத்தாலும் பெரும் நிலுவைகளைக் குவித்து, பெற்றோர் இரு தரப்பினரிடமும் கெட்ட பெயர் வாங்கி, இறுதியில் 2012ஆம் ஆண்டில் புதிய சேவையொன்றைத் தொடங்க வேண்டி வந்தது. புதிய சேவை அறவிட்டுக் கொடுக்கும்போது கட்டுபவரிடம் 20 சதவீதம் மேலதிகமாக வாங்குகிறது. பெறுகிற தாயிடமும் 4 சதவீதம் கழிக்கிறது. பிள்ளையின் பணத்திலிருந்து அரசு கட்டணம் எடுப்பது எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த அனுபவத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது: தொகையை நிர்ணயிக்கும் வேலையை அலுவலகத்திடம் கொடுத்ததால்தான் அங்கே பாதிச் சிக்கல் வந்தது. நாம் அந்த வேலையை நீதவானிடமே விட்டுவிட்டு, அறவிடுவதை மட்டும் அலுவலகத்திடம் கொடுக்கலாம்.

இதற்குப் புதிதாகக் கட்டடமோ திணைக்களமோ தேவையென்று நான் நினைக்கவில்லை. மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. அவற்றில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் ஆகியோர் ஏற்கெனவே கடமையில் இருக்கிறார்கள். கிராம உத்தியோகத்தருக்கு யார் எந்த வீட்டில் இருக்கிறார், யார் எந்தத் தொழிலுக்குப் போகிறார் என்பது தெரியும். நீதவானின் கட்டளையின் பிரதியொன்று பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். பணம் அரச வங்கியொன்றில் பிரதேச செயலகம் வைத்திருக்கும் கணக்குக்குக் கட்டப்பட வேண்டும். மறுநாளே தாயின் கணக்குக்கு மாற்றப்பட வேண்டும். குறித்த திகதிக்குப் பணம் வராவிட்டால் உத்தியோகத்தர் தகப்பனைத் தொடர்புகொள்ள வேண்டும். அதற்கும் சரிவராவிட்டால் நிலுவைக் கூற்றைத் தயாரித்து நீதிமன்றத்தில் மனுச் செய்வது உத்தியோகத்தரின் வேலையாக இருக்க வேண்டும். அப்போது ‘கையில் கொடுத்தேன்’ என்ற வாதத்துக்கும் இடமிருக்காது, கணக்குக் கொப்பிக்கும் தேவை இருக்காது. ஒழுங்காகக் கட்டுகிற தகப்பனுக்கும் இது பாதுகாப்பு. கொடுத்ததை மறுத்துவிட்டாள் என்று அவரும் முறையிட வேண்டியிராது.

உத்தியோகத்தர்களுக்கு ஏற்கெனவே வேலைப்பளு அதிகம் என்று பதில் வரும். அரசு மனம் வைத்தால் இதே உத்தியோகத்தர்களைக் கொண்டு என்னென்ன செய்விக்க முடியும் என்பதற்கு நமக்கு ஓர் அனுபவம் உண்டு. 2013ஆம் ஆண்டில் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போக விரும்பும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது என்றார்கள். பிரதேச செயலகத்திலிருந்து வீட்டுக்கு ஆள் வந்து, பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று விசாரித்து, கையெழுத்து வைத்தால்தான் பயணம். பின்னாளில் அந்த விதி தளர்த்தப்பட்டது. ஆனால் அந்த ஆண்டுகளில் கட்டாருக்கோ சவூதிக்கோ புறப்பட்ட எந்தத் தகப்பனிடமாவது, பிள்ளைக்குக் கட்ட வேண்டிய தாபரிப்பில் நிலுவை இருக்கிறதா என்று ஒருவராவது கேட்டதுண்டா? வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுத்தான் அவரும் போகிறார். பதியும் நேரத்தில் அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்குப் பட்டியல் ஒன்று இருந்தால் போதும்.

அவர் வெளிநாட்டுக்குப் போய்விட்ட பிறகு பிடிப்பது மிகக் கடினம். வெளிநாடுகளிலிருந்து தாபரிப்பை அறவிடுவதற்கான 1956ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இலங்கை ஒரு பங்காளி. நோர்வே, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து ஆகியனவும் அதில் இருக்கின்றன. ஒரு நாட்டின் முகவரகம் விண்ணப்பத்தை அனுப்ப, மறுநாட்டின் முகவரகம் அங்கே நடவடிக்கை எடுப்பது அதன் ஏற்பாடு. வளைகுடா நாடுகளும் கனடாவும் அதில் இல்லை. ஐரோப்பாவில் இருக்கும் தகப்பனிடம் இவ்வழியில் கேட்கலாம் என்பதை நம்மூர்த் தாய்மாருக்கு எடுத்துச் சொல்லவும் பிரதேச மட்டத்தில் ஒருவர் வேண்டும்.

நாட்கூலிக்காரரிடம் எப்படி அறவிடுவது என்ற கேள்வி உண்மையானது. வாகன வரி அனுமதிப்பத்திரம் பிரதேச செயலகத்திலேயே ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. மீன்பிடி வள்ளத்தின் அனுமதிப்பத்திரம் கடற்றொழில் திணைக்களத்தில் புதுப்பிக்கப்படுகிறது. அந்த நேரத்தில் நிலுவை இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் ஒன்ராறியோவைப் பார்த்து அனுமதிப்பத்திரத்தை நிறுத்திவிடுவது நமக்குச் சரிவராது. முச்சக்கரவண்டியை நிறுத்தினால் அவருடைய உழைப்பும் நின்றுவிடும். பால் கறக்கிற மாட்டை அடைத்துவைத்துவிட்டுப் பால் கேட்பது போலாகிவிடும். நிலுவையைச் சிறு தவணைகளாகக் கட்டுவதாக எழுதிக் கொடுத்து, முதல் தவணையையும் கட்டிவிட்டால் அனுமதிப்பத்திரம் கிடைக்கும் என்று ஓர் ஒழுங்கைக் கொண்டுவருவதே பொருத்தம். கடற்றொழிலாளருக்குச் சீசனில் கூடவும் வாடைக் காலத்தில் குறையவும் கட்டும்படி கட்டளையை அமைக்கலாமா என்பதைச் சட்டத்தரணிகள் சங்கத்தினர் யோசிக்க வேண்டும். உண்மையாகவே நோயாலோ விபத்தாலோ உழைக்க முடியாதவர் வேறு. அவருக்கு மறியல் காட்டிப் பயனில்லை, தொகையைக் குறைக்க நீதவானிடம் அவரே விண்ணப்பிக்க உத்தியோகத்தர் உதவ வேண்டும். கட்ட முடியாதவரையும் கட்ட மனமில்லாதவரையும் பிரித்தறிய இன்று நம்மிடம் ஏற்பாடு எதுவும் இல்லாததால் இருவரும் ஒரே கூண்டில் நிற்கிறார்கள்.

இது அரசின் தயவு சார்ந்த விடயமும் அல்ல. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991ஆம் ஆண்டில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 27ஆவது உறுப்புரையின் 4ஆவது பந்தி, பிள்ளைக்குரிய தாபரிப்பைப் பெற்றோரிடமிருந்து உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் அறவிட்டுக் கொடுப்பதற்குத் தகுந்த நடவடிக்கைகள் அனைத்தையும் எடுக்கும் கடமையை அரசின் மீது சுமத்துகிறது. அந்தக் கடமை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாய்மாரின் தோளில் கிடக்கிறது.

நோர்வேயைப் போல முற்பணம் கொடுக்கும் வசதி நம் திறைசேரிக்கு இப்போது இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு முன்னதாகச் செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. மாவட்டச் செயலாளர் அவர்கள் நீதித்துறையினருடன் கலந்தாலோசித்து, வெருகல், குச்சவெளி போன்ற தூரப் பிரதேசங்கள் இரண்டில் இந்த ஏற்பாட்டை ஓராண்டுக்குப் பரீட்சார்த்தமாக நடத்திப் பார்க்கலாம். கட்டளை பெற்றவர்களில் எத்தனை பேருக்குப் பணம் ஒழுங்காகக் கிடைக்கிறது, எத்தனை பேர் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள் என்பதை அந்தப் பிரதேசங்களுக்குரிய வழக்குப் பதிவேடுகளிலிருந்து தொகுத்தெடுக்க இரண்டு இலிகிதர்கள் போதும். அந்த வேலைக்கு ஓய்வுபெற்றவர்களின் உதவி தேவைப்பட்டால் என்னைப் போன்றோர் ஊதியமின்றிச் செய்துகொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற இலிகிதர்,
உவர்மலை,
திருகோணமலை.